சார்ஜ் இறங்காத பெட்டரி

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பேய், செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் இதைக் கேட்டதும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் மலையகத்தில் நோர்வூட் டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. பெரிய மின்கம்பிகள் தலைக்கு மேலால் போகும், வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்கு இறங்காது. டிவிக்கும் விளக்குக்கும் ஆளுக்கொரு கார் பெட்டரி வைத்திருந்தோம். அது இறங்கினால் பஸ்ஸில் ஏற்றி டவுனில் முஸ்லிம் நாநா ஒருவரின் கடையில் சார்ஜுக்குப் போட வேண்டும். இருந்தது அந்த ஒரு கடைதான். மகள் சுதாவுக்கு அது பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை வருடம். டிவியை மூடிவிட்டு, பெட்டரியை அவள் மேசைக்கடியில் வைத்து ஒரு சின்ன டியூப் மட்டும் எரித்தோம். சீமெந்துத் தரை குளிரும் என்று அவள் அந்தப் பெட்டரி மேல் காலை வைத்துக்கொண்டுதான் படிப்பாள்.

மழையில்லாமல் டவுனிலும் மின்வெட்டு வந்தது. இறங்கிப்போய் சார்ஜுக்குக் கொடுத்திருந்த பெட்டரியை நாநா அப்படியே திருப்பித் தந்தார்.

"டீச்சர், பொய் சொல்லக் கூடாது, இத நான் வயர்ல கொளுவவே இல்ல. அடுத்த கிழம கொண்டு வாங்க."

வீட்டில் சும்மா மாட்டிப் பார்த்தோம். பளிச்சென்று எரிந்தது. சாதாரணமாக ஒரு வாரம் நிற்கிற பெட்டரி, நம்புங்கள், மூன்றாவது வாரமும் அப்படியே எரிந்தது. முதலில் எனக்குக் கணவர் மேல்தான் சந்தேகம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கர், அங்கே கரண்ட் உண்டு.

"களவா பேக்டரியில சார்ஜ் பண்ணிக் கொண்டாறீங்களா?"

"ஆமா, முப்பது றாத்தல் சாமான சேட்டுப் பையில வச்சுத்தான் கொண்டாறேன். வேல போச்சுன்னா நீதான் சோறு போடணும்."

நம்பாமல் வயரில் ஒரு நூல் கட்டி வைத்தேன். நூல் அறவேயில்லை.

இதற்கிடையில் சுதா புத்தகத்தின் மேலேயே தூங்கி விழத் தொடங்கினாள். உதடு வெளுத்திருந்தது. கால் மரத்துப் போகிறது என்றாள். டிஸ்பென்சரியில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். படிப்பு அலுப்பு என்றுதான் நானும் நினைத்தேன். விடுமுறை வகுப்புக்காகப் பத்து நாள் கொட்டகலையில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினோம். அவள் போன இரண்டாம் நாளே டியூப் மங்கி அணைந்தது. பிறகு எரியவேயில்லை.

திரும்பி வந்தபோது சுதாவின் முகத்தில் நல்ல களை. அன்று மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் படித்தாள், பழக்கத்தில் காலை மட்டும் அந்தச் செத்த பெட்டரி மேல் வைத்திருந்தாள். விடிந்ததும் ஏனோ சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது. சுதாவை எழுப்பினேன், எழும்ப முடியாமல் கிடந்தாள்.

அன்றைக்கே அதைக் கொண்டுபோய் நாநாவிடம் தள்ளிவிட்டேன்.

"ஏன் டீச்சர், நல்ல சாமான்தானே?"

"நல்ல சாமான்தான்" என்றேன்.

சுதா குப்பி விளக்கிலேயே படித்துப் பாஸானாள். உடம்பும் தேறியது. ஒரு மாதம் கழித்துக் கடைப்பக்கம் போனபோது நாநா கூப்பிட்டார்.

"ஒங்கட பெட்டரிய ஒரு லொறி டிரைவர் வாங்கினாரு, தனி ஆளு. ரெண்டு நாளும் நிக்கல்லன்னு கொண்டாந்து போட்டுட்டாரு. பொறகு ஒங்கட தோட்டத்துக் கீழ் லயத்துக்குக் குடுத்தேன், மூணு புள்ளைகள் இருக்கிற வீடு. இன்னம் ஒருக்காலும் சார்ஜுக்கு வரல்ல டீச்சர். நல்லா எரியுதாம்."

அந்த வீட்டு நடுப்பிள்ளை என் ஏழாம் வகுப்பில் இருந்தாள். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விஞ்ஞான டீச்சர் இப்படிச் சொன்னாளாம் என்று தோட்டமே சிரிக்கும் என்று போகவில்லை. அவள் முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்ப்பாள். காற்றுப் படட்டும் என்று ஜன்னலோரமாக மாற்றி உட்கார வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.