அத்தையின் செவ்வாய்க்கிழமைகள்

நான் பொய் சொன்னேன். என் உடம்பையே சாட்சிக்கு வைத்துச் சொன்னேன். மாதம் ஒரு முறை வருவதை இரண்டு முறை வருவதாகச் சொல்லி என் மாமியாரை ஏமாற்றினேன்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? எனக்கும் ஒரு காலத்தில் வந்தது...

கனடாவில், மாண்ட்ரியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீடு. கணவர் பொறியாளர். நான் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர், அதுவும் தற்காலிக அனுமதியில். பிரெஞ்சுத் தேர்வில் தேறினால்தான் அனுமதி நிலைக்கும். ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தேன். இன்னொரு முறை தவறினால் வேலை போய்விடும். ஊரில் படித்து வாங்கிய பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்தார், என் கணவரின் அம்மா. தன் துணிகளைக் குறைத்துக்கொண்டு, எனக்காகப் பெட்டி நிறையக் கருப்பட்டியும் உளுந்தும் கொண்டுவந்தவர். கொடுமைக்கார மாமியார் என்று நினைத்துவிடாதீர்கள்! அப்படி இருந்திருந்தால் இதை இத்தனை கூசிக்கொண்டு சொல்ல வேண்டியிருக்காது.

ஆனால் கடல் தாண்டி வந்த மாமியாரை அடுப்படியில் நிறுத்திவிட்டு மருமகள் புத்தகத்தை விரிப்பதாவது! அவர் என்னைச் சமைக்கச் சொன்னதில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை. முழங்கால் வலிக்காரர் வேறு. வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றிய கையோடு சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுப்பேன். எல்லாம் முடிந்து புத்தகத்தைத் தொடும்போது கண் சொக்கும். "அம்மா ஊருக்குப் போற வரைக்கும் படிப்ப ஒதுக்கி வையேன்," என்றார் கணவர். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

பிறகு என் நாட்கள் வந்தன. சொன்னதும் அத்தை கரண்டியை என் கையிலிருந்து வாங்காமல், கீழே வைக்கச் சொன்னார்.

"அந்தச் சின்ன ரூம்ல இரிளா. அடுப்பங்கரைப் பக்கம் வராண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

வேலைக்குப் போகலாம், வரலாம். சமையலும் சாமி அலமாரியும் மட்டும் கூடாது. கல்லூரியில் இந்த வழக்கத்தை எதிர்த்து மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான்! அந்த நான், அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாளும் நிம்மதியாகப் படித்தேன். வாசலுக்குச் சூடாகத் தட்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு கதவு சாத்தியது அப்போதுதான்.

அதனால்... இரண்டு வாரம் கழித்து வாய் கூசாமல் மறுபடியும் சொன்னேன்.

"அதுக்குள்ளயா? என்னளா இது?"

"குளிருக்கு இப்படி ஆகுமாம் அத்தை. டாக்டர் சொன்னாங்க."

அவர் நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? எந்தப் பெண் இதில் போய்ப் பொய் சொல்வாள்?

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்! தட்டோடு உளுந்தங்களியும் வரத் தொடங்கியது, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி. இடுப்புக்குப் பலமாம். சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் யாழ்ப்பாணத்து லூர்து அக்காவிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"பாவம் மனுசி. சோதினை முடியட்டும், பேந்து உண்மையைச் சொல்லிப்போடும்."

"ஓம் அக்கா," என்றேன், அவர் பாணியிலேயே.

ஒரு மாலை, போர்வைக்குள் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தட்டாமல் கதவு திறந்தது. புத்தகத்தைப் போர்வைக்கடியில் தள்ளினேன். படித்துப் படித்துச் சிவந்த கண்ணும் வீங்கிய முகமுமாக நான். அத்தை வாசலிலேயே நின்று பார்த்தார். அவர் கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம்.

"தீட்டாவது சவமாவது!" என்றபடி உள்ளே வந்துவிட்டார்.

நம்புகிறீர்களா? சொந்த மகளைக்கூட அந்த நாட்களில் தொட்டறியாதவர்! முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான எண்ணெயை என் அடிவயிற்றில் தடவினார். "உனக்கு ஒண்ணும் ஆயிரப்படாதுளா... ஒண்ணும் ஆயிரப்படாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் அம்மா போனபிறகு யாரும் என்னை அப்படித் தொட்டதில்லை. புத்தகத்தின் முனை இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. நான் அழுதேன். வலியால் அழுகிறேன் என்று அவர் நினைத்தார்.

பிறகு போய்த் தலைக்குக் குளித்தார், அந்தக் குளிரில். ஒரு வாரம் இருமினார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? தேர்வு நெருங்கிவிட்டது... சொல்லவில்லை.

தேறினேன். பொய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. மாதம் ஒரு முறைதான் என்று ஆனதும் அத்தை முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! ஊருக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காந்திமதி அம்மனுக்கு வேண்டியிருந்தேன்ளா. உனக்குச் சரியாச்சுன்னா, என் உசுரு இருக்கிற வரைக்கும் செவ்வாக்கெழம ஒருபொழுதுதான்னு. சரியாயிட்டுல்லா!"

கணவர் பக்கத்தில் நின்றார். பின்னால் வரிசை. தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்...

அவருக்கு இப்போது சர்க்கரை நோய். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பூக்கடை வாசலில் மயங்கி விழுந்தார். பட்டினி கிடக்கவே கூடாது என்று மருத்துவர் திட்டினாராம். "விட்டேன்னா அவளுக்குத் திரும்ப வந்துருமே" என்றாராம் அத்தை. கணவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னை அன்போடு பார்த்தார். அவருக்கும் தெரியாது.

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அடுத்த செவ்வாய் அவர் வயிறாரச் சாப்பிடுவார். எது தடுக்கிறது? கோபத்துக்கு நான் பயப்படவில்லை. அந்தக் கையை, என் வயிற்றில் வைத்த அந்தக் கையை, அவர் மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாரே என்றுதான்... எத்தனை சுயநலம், பாருங்கள்!

செவ்வாய் காலைகளில் வேலைக்குப் புறப்படுமுன் அவரை அழைக்கிறேன். அங்கே அப்போது சாயங்காலம். குரல் சோர்ந்திருக்கும்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதாளா?"

"வருது அத்தை."

"அது போதும்ளா எனக்கு."

பிறகு பேருந்து பிடித்துக் கடைக்குப் போகிறேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் கிழவிகளிடம் குனிந்து, பிழையில்லாத பிரெஞ்சில் சொல்கிறேன்: வேளை தவறாமல் சாப்பிடுங்கள் அம்மா, பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.