மாமா எறியவிடாத பந்து

அருள்தாஸ் மாமா, நீங்கள் போய் ஒன்பது நாளாகிறது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. இங்கே இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் பஸ்சுக்கு நின்றீர்களாம், அப்படியே சரிந்துவிட்டீர்களாம். நெஞ்சுவலி என்கிறார்கள். முப்பத்திரண்டு வயதில் என்ன நெஞ்சுவலி? ஆறடி ஆளை மல்லாக்க விழுத்துகிற மனிதருக்கு என்ன நெஞ்சுவலி? செய்தி வந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் இருந்துவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

உங்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும் மாமா.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. கிழமை நாட்களில் நீங்கள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் அவருடைய நடக்க முடியாத தகப்பனைப் பார்த்துக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை இத்தாலியப் பெடியன்களோடு அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போவீர்கள். தலையில் இரும்புக் கம்பி வைத்த தொப்பி, தோளில் மூட்டை மாதிரி ஏதோ, முட்டை வடிவத்தில் பந்து. எங்கள் தமிழ் ஆட்களில் வேறு ஒருவருக்கும் அந்த விளையாட்டுத் தெரியாது.

அந்த வருடம் தேவாலயப் பங்கு மண்டபச் சுவரில், விளையாட்டில் பெயர் எடுத்த எங்கள் ஆட்களின் படங்களை மாட்டத் தொடங்கினார்கள். உதைபந்தாட்டக்காரர் மூன்று பேருடைய படம் ஏறிவிட்டது. நீங்கள் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் தொப்பியோடு ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு வைத்திருந்ததை நான் கண்டேன். அம்மாதான் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டார். "வந்து பாத்திட்டுச் சொல்லுறம்" என்றார் அவர்.

அந்த ஞாயிறு தலைவர், அம்மா, பக்கத்து வீட்டு மாமி, நான் எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். விசில் ஊதியதும் நீங்கள் பாய்ந்து, பந்தை எறியக் கை ஓங்கியவனை இடுப்பில் கட்டித் தூக்கி நிலத்தில் அறைந்தீர்கள். என் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருகிற மாமாவா இது?

"டேய் அருள், விடடா அவனை!" அம்மா எழும்பிக் கத்தினார். "விசாப் பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்திருக்கடா! குவெஸ்தூராப் பொலிசிலை கிழிச்செறிஞ்சு போடுவாங்கள்!"

சுற்றியிருந்த இத்தாலியர்கள் கை தட்டினார்கள். "என்ன, அடிச்சவனுக்குக் கை தட்டுறாங்கள்?" என்றார் தலைவர். நீங்கள் விழுந்தவனின் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினீர்கள், அந்தக் கிழவரைக் கட்டிலில் இருந்து தூக்குகிற மாதிரியே. பிறகு மறுபடியும் விழுத்தினீர்கள். மூன்று தரம்.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார். இத்தாலியன் தெரிந்த பிள்ளை, விளையாட்டும் விளங்கும் என்று நினைத்திருப்பார்.

"பிள்ளை, பந்து உன்ரை மாமாவின்ரை கையிலை எத்தினை தரம் வந்தது?"

"ஒருக்காலும் வரேல்லை."

"எத்தினை புள்ளி எடுத்தவர்?"

"ஒண்டும் இல்லை."

"பாத்தியளோ? பந்தையே தொடாதவனுக்கு என்னத்துக்குப் படம்?"

"அப்ப கோல் காக்கிற கோலியின்ரை படம் ஏன் மாட்டியிருக்கிறியள்? அவர் எத்தினை கோல் போட்டவர்?" என்று மாமி கேட்டார்.

"அவர் பந்தைப் பிடிச்சவர் அக்கா! இவர் ஆளையெல்லோ பிடிக்கிறார்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் ஏறவில்லை.

திரும்பும்போது பஸ்சில் நீங்கள் கேட்டீர்கள். "தலைவருக்கு என்ன சொன்னனி?"

"நீங்கள் பந்தைத் தொடேல்லை எண்டு. உண்மைதானே?"

"ஓம், உண்மைதான். மற்றப் பக்கத்தவன் பந்தை எறிஞ்சவனோ?"

"எங்கை எறிய? நீங்கள்தான் விழுத்திப் போட்டியளே."

"அதைச் சொன்னனியோ?"

"அதை அவர் கேக்கேல்லை."

நீங்கள் என் தலையைத் தடவிவிட்டு வெளியே பார்த்தீர்கள். கெட்டித்தனமாகப் பதில் சொன்னேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனை எறியவிடாமல் செய்வதுதான் உங்கள் வேலை என்றோ, கேட்காத ஒன்றையும் ஒருவருக்காக நாமாகச் சொல்ல வேண்டும் என்றோ எனக்கு அன்று தெரியாது.

இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் சொல்கிறேன். என் மாமா நல்ல விளையாட்டுக்காரன். இன்று இரவு செபம் சொல்லும்போது அருள்தாஸ் என்ற பெயரையும் ஒருதரம் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள்.