சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்

போன வருஷம் ரமலான் மாதம். டெக்சாஸ், இர்விங்கில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில் எதிர் வீட்டுக்காரர்கள் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவின் மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். நோன்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், காருக்குப் பெட்ரோல் போட நின்ற இடத்தில் யாரோ இரண்டு பேருக்குள் தகராறு. ஒருவன் சுட்ட குண்டு இவன்மேல் பாய்ந்து, உயிர் போய்விட்டது. அந்தத் தகராறுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதற்குப் பிறகு அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

நோன்பு தொடங்கியதும், துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்காக மசூதி, சர்ச், கோயில் மூன்றிலும் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு சர்ச் ஹாலில் இஃப்தார் வைத்தார்கள். அக்கா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் தயிர்சாதம் கொண்டுபோயிருந்தேன். துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது என்று தெரியாதபோது சாப்பாட்டை நீட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. நோன்பு திறந்ததும் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். மகன் பெயர் வந்தபோது அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழத்தைத் தவிர எதையும் தொடவில்லை.

முடிந்ததும் சர்ச்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து, "சீ யூ சூன்" என்றார்கள். தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களான நாங்கள் மட்டும் பைகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினோம். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். 'போயிட்டு வரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். இன்ஜினியர், டாக்டர் என்று என்னென்னவோ படித்தும் இது மட்டும் எங்களை விடவில்லை. சர்ச் ஹால் எப்படித் துக்க வீடாகும்? அக்கா இருந்த இடமெல்லாம் எங்களுக்குத் துக்க வீடாகிவிட்டது, அவ்வளவுதான்.

பார்க்கிங்கில் கார் கதவைத் திறக்கும்போது அக்கா பின்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, சொல்லாமயே கிளம்பிட்ட?"

பையைக் காருக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"உங்க பழக்கம் எனக்குத் தெரியும்மா. ஆனா என் புள்ள போன அன்னிக்கு நான் தொழுதுக்கிட்டு இருந்தேன். டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு அவனும் சொல்லாமதான் காரை எடுத்துட்டுப் போனான். இப்ப நீங்க எல்லாரும் அப்படியே போறீங்க. ஒருத்தராவது வரேன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

துக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல, சின்ன வயதிலிருந்தே பயந்து பழகிய வார்த்தை. பள்ளிக்கூடம் போகிற மகள் எனக்கும் இருக்கிறாள். பயம் இல்லை என்றால் பொய். ஆனாலும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க்கா" என்றேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். முகத்தில் எந்த ஆறுதலும் தெரியவில்லை. கார் ரோட்டுக்கு வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பது அக்காவைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையைத் துரத்தி வந்து கேட்டாரே என்று நினைத்தால், இன்றைக்கும் அதை வெறும் வாய்வார்த்தையாகச் சொல்ல என்னால் முடிவதில்லை.