லஸ்கர் வீட்டுத் திருமணம்

ஐயா, அம்மையீர், வணக்கம்.

ஆவணி மாதத்து வியாழனொன்றில், காலை ஆறு மணிக்குச் சேலத்தில் குமாரபாளையம் பேருந்தில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தொலைவு. மேட்டூர்க் கால்வாயில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் பழனியப்பனின் மகளுக்கு அன்று திருமணம்.

முந்தைய நாள் தொலைபேசியில் அவர் குரல் தாழ்ந்திருந்தது. புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகன், லஸ்கர் என்றால் பிரெஞ்சில் எத்தன் என்று எவரோ சொல்லக் கேட்டு, அழைப்பிதழில் அச்சொல்லை விட்டுவிட்டானாம். அவருக்குக் கால் வலி என்பதால் நேரில் சென்று அழைக்க இயலாமல், அழைப்பிதழ்களை அஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். அன்றே நூலகம் சென்று அகராதிகளைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் அச்சொல் ஐரோப்பியக் கப்பல்களில் உழைத்த இந்திய மாலுமியைக் குறித்தது. பிரெஞ்சிலும் அவ்வாறே, பின்னரே துணிச்சல்காரன், கெட்டிக்காரன், எத்தன் எனப் பொருள் விரிந்தது.

சங்ககிரியருகே சாலைப் பணியால் பேருந்து நெடுநேரம் நின்றது.

"கல்யாணத்துக்குங்களா? பந்திக்குப் போயிரலாமுங்க," என்றார் நடத்துநர்.

அவ்வாறே ஆயிற்று. ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கால்வாய்க் கரையில் இறங்கியபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பந்தலில் பாதி நாற்காலிகள் காலி.

"வாங்க பாய்," என்றார் நண்பர். "கால்வாய்த் தண்ணி பாயற தோட்டக்காரங்க ஒருத்தருங்கூடப் புள்ளைக்கு அரிசி போட வரலீங்க. தண்ணி உட்டப்ப நான் ஆருக்காச்சும் ஓரவஞ்சனை பண்ணீட்டனுங்களா?"

அப்போது மொபெட்டில் சென்ற விவசாயி ஒருவர் பந்தலருகே நிறுத்தினார்.

"ஏனுங்க லஸ்கரய்யா, ஆரு ஊட்டு விசேசமுங்க?"

"எம்பட புள்ளைக்குத்தானுங்க. பத்திரிகை வரலீங்களா?"

"ஆரோ பழனியப்பன்னு ஒண்ணு வந்துச்சுங்க. ஊடு மாத்திக் குடுத்துட்டாங்கன்னு தூக்கி வெச்சுட்டனுங்க. உங்களுக்குப் பேரெல்லாம் இருக்குதுங்களா?"

அருகில் நின்ற மகன் தலை கவிழ்ந்தான். அகராதிச் செய்தியை அவனிடம் சொன்னேன்.

"மாலுமிங்களா?" என்றான். பின் அந்த மொபெட்டையே இரவல் வாங்கிக்கொண்டு கரையோடு போனான். "லஸ்கர் ஊட்டு விசேசமுங்க, வாங்க!" என்ற குரல் தோட்டந்தோட்டமாகத் தேய்ந்து சென்றது.

மாலை வரை தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள், வயிறார உண்டார்கள். ஆனால் நல்ல நேரம் தவறக் கூடாதென்று மணமக்கள் முன்பே மாப்பிள்ளையின் ஊருக்குப் புறப்பட்டிருந்தனர். மஞ்சளரிசியுடன் வந்த ஓர் அம்மாள் காலியான மணவறையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மணமக்கள் அமர்ந்திருந்த பலகையின் மீதே அரிசியைத் தூவினார். நண்பர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் என் மனம் ஆறவில்லை. இரு மொழிகளில் பொருள் தேடிச் சென்றேன். அந்தக் கால்வாய்க் கரையில் அது ஒரு மனிதரின் பெயர் என்பதை எவரும் அச்சகத்தில் சொல்லவில்லை.

அச்சொல்லுக்குப் பொருள் தேடி வருவோருக்காக இக்குறிப்பை அருள்கூர்ந்து பாதுகாத்து வையுங்கள்.