5200 என்று எழுதிய பேட்டரியும் கட்டபெட்டில் பாதியில் நின்ற காது சோதனையும்

கோயம்புத்தூரில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் தொழில். லேப்டாப்பும் ஹெட்போனும்தான் கருவிகள். போன மாதம் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஏழு தொழிலாளர்களைச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். லேப்டாப்பை நம்பி மலையேறுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

காலை 5.40க்கு மேட்டுப்பாளையம் பஸ். அங்கே 7.15க்குக் கோத்தகிரி பஸ் பிடித்தால் 8.50க்கு இறக்கிவிடுகிறார்கள். எனக்கு டிக்கெட் நாற்பது ரூபாய் ஆனது. வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கோத்தகிரியில் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி, 9.30க்குக் கட்டபெட்டில் இருந்தேன்.

அன்று பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பராமரிப்புக்காகக் கரண்ட் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஜெனரேட்டர் ஃபேக்டரியில் மட்டும்தான். அந்த இரைச்சலில் காது சோதனை செய்ய முடியாது என்பதால் அரை கிலோமீட்டர் தள்ளி சர்ச் ஹாலில் இடம் கொடுத்தார்கள். நான் அலட்டிக்கொள்ளவில்லை. ஐந்து நாள் முன்புதான் புது பேட்டரி போட்டிருந்தேன். "பழசு 2700 தாங்க, இது 5200. டபுள்! நாலு மணி நேரம் தாராளமா வரும்" என்று கடைக்காரர் சொன்னார். நானும் வாயைப் பிளந்துகொண்டு 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் ஒரு தடவைகூடச் சார்ஜரைக் கழற்றி ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த முட்டாள்தனம் என்னுடையது.

முதலில் வந்தவர் பீட்டர். ரோலர் ரூம், அதாவது இலையை முறுக்கும் மெஷின்கள் ஓடும் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை. இரண்டு காதுக்கும் ரிப்போர்ட் கொண்டுவந்தால் பேக்கிங் பக்கம் மாற்றுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால் லீவு போட்டு வந்திருந்தார். வலது காது முடிந்தது. கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. இடது காதுக்கு மாற்றினேன். சத்தம் கேட்டால் தூக்க வேண்டிய விரலை அவர் தூக்கவே இல்லை.

"ஏனுங்க, இந்தக் காது சுத்தமா போயிருச்சுங்களா? ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றார். முகம் வெளிறிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் திரை கறுப்பு. மணி 10.35. ஒரு நிமிடம் முன்பு 61 சதவீதம் காட்டிய பேட்டரி அது. "உங்க காது இல்லீங்க, என் பேட்டரிதான் போயிருச்சு" என்று சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி வந்தாலும் இந்தப் பேட்டரியை நம்ப முடியாது, கரண்ட் வர நாலு மணி ஆகும் என்பதால் மற்ற ஆறு பேரையும் திருப்பி அனுப்பினேன்.

பேட்டரியே போலியோ என்று நான் புலம்பியதைக் கேட்டு, பீட்டர் என்னை ஃபேக்டரி டீ மேக்கரிடம் கூட்டிப் போனார். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர். சார்ஜே ஏறாத பழைய பேட்டரி என் பையில் கிடந்தது. டீ ருசி பார்க்கும்போது தூளை நிறுக்கிற சின்னத் தராசில் இரண்டையும் வைத்தார். பழையது 214 கிராம். புதியது 149.

"இலை கொண்டாரவங்க தண்ணி தெளிச்சு எடையைக் கூட்டுவாங்க, பாத்திருக்கறனுங்க. இவனுங்க எடையே இல்லாம நெம்பரக் கூட்டியிருக்கானுங்க" என்றார்.

பிறகுதான் ஸ்டிக்கரை ஒழுங்காகப் படித்தேன். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர் வரும். பேட்டரியில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்வது அதுதான். பழையதில் 14.8 வோல்ட், 2700 மில்லி ஆம்பியர்-அவர், அதாவது 2.7 ஆம்பியர்-அவர், பெருக்கினால் 40. அதிலும் 40 என்றே போட்டிருந்தது. புதியதில் 14.8-ஐ 5.2-ஆல் பெருக்கினால் 77 வர வேண்டும். பொடி எழுத்தில் 40 என்று இருக்கிறது! பொய்யைக்கூடக் கணக்குப் போட்டுச் சொல்லத் துப்பில்லை. சரக்கு கூடினால் எடையும் கூட வேண்டும், 149 கிராமில் அந்த 40-ம் இருக்க வழியில்லை.

மறுநாள் கடைக்காரர் "ஸ்டிக்கர் அப்படித்தாங்க வருது" என்று சாவகாசமாகச் சொன்னார். கடை வாசலிலேயே கத்தித் தீர்த்துவிட்டேன்.

பேட்டரி மாற்றப் போகிறவர்களே, மில்லி ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள். 10.8 வோல்ட்டில் 4400-ம் 14.8 வோல்ட்டில் 3200-ம் ஏறக்குறைய ஒரே அளவுதான். வோல்ட் பழையதோடு பொருந்த வேண்டும், 14.4-ம் 14.8-ம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், 10.8 ஆகாது. அதே பருமனில் இரண்டு மடங்கு என்றால் நம்பாதீர்கள். கடையிலேயே பெருக்கிப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள். மலையேறுவதற்கு முன் வீட்டில் ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

பீட்டருக்கு அடுத்த லீவு பத்தொன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. வேறு பேட்டரியோடு போனேன். இடது காதிலும் கேட்கும் திறன் குறையத் தொடங்கியிருந்தது. ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர், கோபமே இல்லாமல் கேட்டார்:

"போன தடவையே முடிஞ்சிருந்தா, இந்தப் பத்தொம்பது நாளும் நான் அந்த ரூம்ல நின்னிருக்க வேண்டியதில்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.