அத்தை தூங்கிய பஸ்

சிவப்புக் கோடு போட்ட ஒரு துணிப்பை. உங்கள் அத்தையை நினைத்தால் முதலில் அதுதான் என் கண்ணில் வந்து நிற்கிறது. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். போவது மார்க்கெட்டுக்கு இல்லை, தூங்குவதற்கு.

பிள்ளைகளே, என் அக்காவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய ஆபீசைக் கூட்டித் துடைக்கும் வேலை. ராத்திரி ஷிப்டுதான். காலையில் கம்பெனி வேன் ஜீவனஹள்ளி முனையில் இறக்கிவிடும். சமைத்து, மகளைக் காலேஜுக்கு அனுப்பி, துணி துவைத்து முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அப்போதாவது படுக்கலாம் அல்லவா? முடியாது. பகலில் பெண்பிள்ளை படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் மாமியாரின் நம்பிக்கை. கெட்ட மனுஷி இல்லை, அப்படியே வளர்ந்தவர். அவர் சும்மா இருந்தாலும் எதிர்வீட்டுக்காரி விடமாட்டாள். "இன்னா, மகாராணி இன்னும் எழுந்துக்கலியா?" என்று வாசலில் நின்றே கேட்பாள். அத்தை விடிய விடிய வேலை செய்துவிட்டு வந்தவள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். தெரிந்து என்ன?

பெண்களுக்கு பஸ் இலவசம் என்று ஆனதும் அத்தைக்கு ஒரு வழி கிடைத்தது. சிவாஜிநகர் வந்து, இருப்பதிலேயே தூரமாகப் போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறி, ஜன்னலோரம் தலையைச் சாய்த்துவிடுவாள். அந்தப் பஸ்ஸிலேயே திரும்பி வருவாள். வீட்டில் காட்ட ஒரு கட்டு கொத்தமல்லி. நான் வேலை செய்யும் துணிக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். ஒருநாள் அவள் இறங்குவதைப் பார்த்தேன். கன்னத்தில் ஜன்னல் கம்பி வரியாகப் பதிந்திருந்தது. கேட்டதும் சிரித்தாள். "டிக்கெட்டும் ப்ரீ, தூக்கமும் ப்ரீடா தம்பி. ஏசி மட்டுந்தான் இல்ல."

உடம்பு சிரிக்கவில்லை. தலைவலி வந்தது, மாதக் கணக்கு தப்பியது, கால் வீங்கியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். பசித்தால் வயிறு வாய்விட்டுக் கேட்கும். தூக்கம் அப்படிக் கேட்காது, உள்ளேயே இருந்து அரிக்கும்.

ஒரு மத்தியானம் கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர், "அம்மா, லாஸ்ட் ஸ்டாப், இளீரி" என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லித் தட்டியிருக்கிறார். கண்ணைத் திறந்தாள், எழ முடியவில்லை. வலது கையும் காலும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பிரஷர் ரொம்ப நாளா ஏறியே இருந்திருக்கு. இவங்க தூங்கவே மாட்டாங்களா?" என்று கேட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போது பகலெல்லாம் படுக்கைதான். வெளிச்சம் படக்கூடாதென்று மாமியாரே ஜன்னலைச் சாத்திவிடுகிறார். எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். அத்தைக்குத் தூக்கம்தான் வருவதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

காலேஜை நிறுத்திவிட்டு அவள் மகள் அந்த வேலைக்குப் போகிறாள். அதே வேன், அதே ஷிப்டு. போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அப்போதுதான் வந்து, கண் சிவக்க அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை குழறிக் குழறி, "போய்... படுடி" என்றாள்.

"நான் படுத்துட்டா உன்னை யாரும்மா குளிப்பாட்டுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. வெந்நீர் வைக்கத் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.