கொண்டை உடைந்த சேவல்

போலீஸ்காரரைக் கண்டால் உடனே சுற்றுலா வந்தவன் மாதிரி கோயில் குவிமாடத்தைப் படமெடுப்பேன். வொல்கா ஆற்றங்கரையில் இருந்த அந்த ரஷ்ய நகரத்தில் இறங்கியதும் வந்த பழக்கம் இது. இத்தாலியக் கடவுச்சீட்டும் முறையான விசாவும் சட்டைப்பைக்குள் இருந்தன. பழைய பயத்துக்கு அது தெரியவில்லை. மத்தியானத்துக்குள் ஊரிலுள்ள வெங்காயக் குவிமாடங்கள் எல்லாம் என் ஃபோனுக்குள் வந்துவிட்டன.

பலெர்மோவிலிருந்து நானும் மனைவியும் போனது கட்டடம் பார்க்க அல்ல, என் தம்பியைத் தேடி. எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவனை ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட், இந்த நகரத்தில்தான் குளிர்காலம் முழுக்க அடைத்து வைத்திருந்தான். பலெர்மோவின் சீசா பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தம்பி கடைசியாக அழைத்தபோது, "மரவீடு அண்ணை. நீலச் சன்னல். மேலை ரெண்டு சேவல் செதுக்கியிருக்கு. ஒண்டுக்குக் கொண்டை உடைஞ்சு போச்சு, உங்கடை தலை மாதிரி," என்று சிரித்தான். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. விசாரித்த இடமெல்லாம் கைவிரித்தார்கள். மிஞ்சியது அந்தச் சேவல் மட்டும்.

இந்த நகரத்திலோ தெருத்தெருவாக மரவீடுகள், எல்லாச் சன்னலும் நீலம். யாரோ பெயின்டை இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

"வாடகைக்கு வீடு பாக்க வந்த ஆள் மாதிரி ஒவ்வொரு சன்னலா எட்டிப் பாக்கிறியள். அடி வாங்கித்தான் போகப்போறம்," என்றாள் மனைவி.

"அடிக்க வந்தால் உம்மை முன்னுக்கு விடுறன்."

மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தோம். பழைய மரவேலைகள் வைத்திருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். குரல் மாறியிருந்தது.

சுவரில் ஒரு நீலச் சன்னல் மாட்டியிருந்தது. மேலே இரண்டு சேவல்கள். ஒன்றுக்குக் கொண்டை இல்லை.

கிட்டப் போய் சன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அங்கே வெள்ளைச் சுவர்தான் இருந்தது. காவலுக்கு இருந்த பெண் கத்தினார். என் கைகள் இரண்டும் தாமாகவே தலைக்கு மேலே போய்விட்டன, சண்டைக்காலத்தில் எங்கள் ஊர்ச் செக்பொயின்டில் நின்ற மாதிரி.

"கையை இறக்குங்கோ. தொட வேண்டாம் எண்டுதான் அந்த மனுசி சொல்லுறா."

பக்கத்தில் ஒட்டியிருந்த ரஷ்யக் குறிப்பை ஃபோனில் மொழிபெயர்த்தேன். "வீட்டை இடிச்சுப்போட்டு இதை மட்டும் கழட்டி எடுத்திருக்கினம்."

"உள்ளுக்கை இருந்த ஆக்கள்?"

"சேவலைப் பற்றித்தான் எழுதியிருக்கு."

தம்பியின் படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மரியாதையாக அடுத்த அறைக்கு வழி காட்டினார். அங்கே மரக்கரண்டிகள். நாங்களும் போய்ப் பார்த்தோம். வேறென்ன செய்வது?

பலெர்மோவுக்குத் திரும்பி வந்ததும், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞோரா, படங்களைக் கேட்டார். ஃபோனைக் கொடுத்தேன். குவிமாடம், குவிமாடம், பிறகும் குவிமாடம்.

"ஒரு படத்திலும் ஆட்களே இல்லையே. யாருமில்லாத ஊரா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவருக்குக் கோப்பி போடப் போனேன்.